ஒன்பது நிமிட விருந்தாளி

கண்ணாடிப் பொட்டு லஞ்சம் வாங்காது. அது வந்த புதிதில் எல்லாரும் அதைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். அதற்கு முன்பு யாருக்கு உதவி தேவை என்று பட்டியல் எழுதியவர்கள் மனிதர்கள். மனிதர்களுக்குச் சொந்தக்காரர்கள் உண்டு, சாதிக்காரர்கள் உண்டு, கை நீட்டும் பழக்கமும் உண்டு. அவர்கள் எழுதிய பட்டியலில் மாடி வீட்டுக்காரர்களும் செத்துப்போனவர்களும் தாராளமாக உதவி வாங்கிக்கொண்டிருந்தார்கள். பன்னாட்டு நல்வாழ்வு நிதியத்தார் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்கள். கடைசியில் பட்டியல் எழுதும் வேலையை மனிதர்களிடமிருந்து பிடுங்கி, சட்டைப் பொத்தான் அளவுள்ள ஒரு கண்ணாடியிடம் கொடுத்துவிட்டார்கள்.

கள அலுவலர் அதைத் தோளோரம் குத்திக்கொண்டு ஒரு வீட்டுக்குள் ஒன்பது நிமிடம் இருந்தால் போதும். சுவரில் பெயர்ந்த காரை, பாத்திரத்தின் நசுங்கல், ஆட்களின் நகம், நடை, பேசும்போது வாங்கும் மூச்சு என்று எல்லாவற்றையும் பார்த்து, கேட்டு, ஒரு எண்ணைச் சொல்லிவிடும். நலக்குறி என்று அதற்குப் பெயர். நாற்பதுக்குக் கீழே இருந்தால் உதவி தொடரும். நாற்பதைத் தாண்டினால் குடும்பம் முன்னேறிவிட்டது என்று பொருள். அலுவலர் நடுவில் புகுந்து 'ஐயோ பாவம்' என்று சொல்ல வழி கிடையாது. அவருக்கு அங்கே வேலை, பொட்டைச் சுமந்துகொண்டு போவது மட்டும்தான்.

கோகிலவாணி நான்கு வருடமாகச் சுமந்துகொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது. பனியன் கம்பெனியில் இருந்துகொண்டே தபாலில் படித்து, பரீட்சை எழுதி, இந்த வேலைக்கு வந்தவள். நேர்மையானவள் என்று பெயர் வாங்கியிருந்தாள். எந்த வீட்டிலும் ஒரு வாய் காப்பிகூடக் குடித்ததில்லை. அந்தப் பெருமையும் அவளுக்குக் கொஞ்சம் இருந்தது.

அந்த வருடம் அவளுக்கு ஒதுக்கிய வீடுகளில் ஒன்று பூங்கொடியுடையது.

திருப்பூருக்கு வெளியே, சாயப்பட்டறைகள் முடிந்து சோளக்காடு ஆரம்பிக்கும் இடத்தில் அந்த லைன் வீடு இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு அறைகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய். எட்டாம் நம்பர் அறையில் பூங்கொடியும் அவள் கணவன் தினகரனும் இருந்தார்கள். ஒரு காலத்தில் கோகிலவாணியும் பூங்கொடியும் பனியன் கம்பெனியில் ஒரே டேபிளில் செக்கிங் பார்த்தவர்கள், ஒரே தூக்குப்போசியில் சோறு தின்றவர்கள். பூங்கொடி ஐந்து வயது மூத்தவள்.

தினகரன் அதே கம்பெனியில் புது ஜீன்ஸைப் பழசாக்கும் பிரிவில் இருந்தான். வெளிநாட்டில் வெளுத்துப்போன துணிக்குத்தான் கிராக்கி. அதற்காகப் புதுத்துணி மேல் நுண்ணிய கல்பொடியைப் பீய்ச்சியடிப்பார்கள். துணி தேய்ந்த மாதிரி ஆகும். தினகரனின் நுரையீரல் நிஜமாகவே தேய்ந்துபோனது. வசதியுள்ளவன் இல்லாதவனைப் போல உடுத்த ஆசைப்பட்டதில், நாற்பத்துமூன்று வயதில் இவன் மூச்சுக்கு ஒரு ஆக்சிஜன் மெஷின் தேவைப்பட்டது. மெஷினைக் கொடுத்தது நிதியம். நிதியத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் அந்த ஜீன்ஸை விற்ற கடைக்காரர்களும் இருந்தார்கள். இதையெல்லாம் சுற்றி வளைத்து யோசித்தால் தலை வலிக்கும் என்பதால் கோகிலவாணி யோசிப்பதில்லை.

அவர்களைப் பார்த்து ஆறு வருடமாகிவிட்டது. படுத்திருக்கிற மனிதனின் வீட்டுக்கு வெறுங்கையை வீசிக்கொண்டு எப்படிப் போவது? பஸ் ஸ்டாண்டில் ஒரு கிலோ ஆப்பிள், ஆறு ஆரஞ்சு, ஒரு டப்பா சத்துப் பானப் பொடி வாங்கிக்கொண்டாள். அலுவலர் எதையும் வாங்கவும் கூடாது, கொடுக்கவும் கூடாது என்பது விதி. வாங்கக் கூடாது என்பதைத்தான் அவள் பெரிதாக நினைத்திருந்தாள்.

"வா கண்ணு, வா, வா," என்று வாசலுக்கே ஓடிவந்தாள் பூங்கொடி. "ஆறு வருசங்கழிச்சு இப்பத்தான் வழி தெரிஞ்சுதா உனக்கு?"

"வரக்கூடாதுன்னு இல்லீங்க்கா. வேலை அப்படி."

"வேலைன்னாலும் எங்கூட்டுக்கு நீ ஒறம்பரைதான். உள்ள வா."

கொங்கு நாட்டில் சொந்தக்காரர்தான் ஒறம்பரை என்பதில்லை, வீடு தேடி வருகிறவர் எவரும் ஒறம்பரைதான். ஒறம்பரை வந்தால் லைன் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூன்றாம் நம்பரிலிருந்து பச்சை பிளாஸ்டிக் நாற்காலி வரும். ஐந்தாம் நம்பரிலிருந்து பளபளவென்று எவர்சில்வர் டம்ளர் வரும். பதினொன்றாம் நம்பர் தன் டேபிள் ஃபேனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வியர்வையில் உட்கார்ந்திருக்கும். நாளைக்கு அவர்கள் வீட்டுக்கு ஆள் வந்தால் இவர்கள் போர்வை அங்கே போகும். கோகிலவாணியும் இப்படி ஒரு லைனில் வளர்ந்தவள்தான். கை உடைந்து கம்பி சுற்றியிருந்த அந்தப் பச்சை நாற்காலியைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. 'இதையெல்லாம் எடுத்து வையுங்கள்' என்று சொல்லியிருக்கலாம். பூங்கொடியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படிச் சொல்வது? அதுவும் போக, எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது என்று அலுவலர் வாயைத் திறந்தால் வேலை போய்விடும்.

பழப் பையைக் கோகிலவாணியே எடுத்துப் பிரித்து, அலமாரித் தட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் அடுக்கினாள். பிறகுதான் கைப்பையிலிருந்து பொட்டை எடுத்துக் குத்திக்கொண்டாள். கொடுப்பதை அது பார்த்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

பொட்டு விழித்ததும் பூங்கொடி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள். 'கண்ணு' போய் 'மேடம்' வந்தது. தினகரன் மூக்கில் குழாயோடு சிரித்தான். பாலூற்றிய காப்பி வந்தது. கோகிலவாணி வேண்டாம் என்று கையைக் காட்ட, டம்ளர் அவள் முன்னால் ஆறிக்கொண்டிருந்தது. ஒன்பது நிமிடம் முடிந்தது.

மறுநாள் பூங்கொடியின் போனுக்குச் செய்தி போயிற்று. 'வாழ்த்துகள். உங்கள் குடும்பம் முன்னேறியுள்ளது. நலக்குறி: 42.' மெஷினை யாரும் வந்து தூக்கிக்கொண்டு போகவில்லை. அதெல்லாம் பழைய காலம். எங்கேயோ இருந்தபடி அதன் நேரத்தைக் குறைத்தார்கள். பதினாறு மணி நேரம் ஓடியது, இனி நான்கு மணி நேரம்தான் ஓடும்.

மூன்றாம் நாள் காலையில் பூங்கொடி அலுவலக வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"காத்தால ரெண்டு மணி நேரம், பொழுதோட ரெண்டு மணி நேரம்னு போட்டு உடறனுங்," என்றாள். "சோறு திங்கறப்பப் போடறதா, தூங்கறப்பப் போடறதான்னே தெரியல. தூங்கறப்பப் போட்டா திங்க முடியறதில்ல. மூச்சு வாங்குது." பிறகு குரலை இறக்கிக் கேட்டாள், "அந்தச் சேரு போட்டதுதானுங்களா மேடம் தப்பு?"

கோகிலவாணிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயந்தால் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"உங்களை யாருங்க்கா இதெல்லாம் பண்ணச் சொன்னது? இருக்கறதை இருக்கற மாதிரிக் காட்டினா என்ன? அங்க வந்து சேரும் ஃபேனும் பாலுக் காப்பியும் யாரு கேட்டா? எதுக்கு இந்த வீம்பு?"

போகிற வருகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பூங்கொடி தலையைக் குனிந்துகொண்டு, புடவைத் தலைப்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டாள். "தெரியாமப் பண்ணிப்போட்டனுங்," என்று மட்டும் சொன்னாள்.

அவளைப் பஸ் ஏற்றிவிட்டு, கோகிலவாணி நேராக எட்வினிடம் போனாள். எட்வின் பொட்டின் கணினியைப் பார்த்துக்கொள்கிறவன். அலுவலகத்தில் அவளை அக்கா என்று கூப்பிடும் ஒரே ஆள்.

"எட்டாம் நம்பர் வீட்டுக் கணக்கு தப்பு, எட்வின். அங்க இருந்ததெல்லாம் இரவல். நாற்காலி, டம்ளர், ஃபேன், ஒண்ணுகூட அவங்களோடது இல்ல."

எட்வின் திரையில் அந்த வீட்டைத் திறந்து பார்த்தான். "நாற்காலியா? அதை அதுவே கழிச்சிருச்சேக்கா."

"கழிச்சிருச்சா?"

"இந்த லைன்ல மூணு வருசத்துல ஒன்பது வீட்டுல இதே நாற்காலியப் பாத்திருக்கு. கம்பி சுத்தின கை வரைக்கும் அடையாளம் தெரியும். ஆள் வந்தா பக்கத்து வீட்டுல வாங்கிப் போடுவாங்கன்னு யாரும் சொல்லித் தரல, அதுவா கத்துக்கிச்சு. டம்ளர், ஃபேன், அந்தக் காப்பிப் பாலு, எல்லாத்தையும் இரவல்னு தள்ளிட்டுதான் கணக்குப் போட்டிருக்கு. உண்மையச் சொன்னா, நம்ம ஆளுங்களை அது நல்லாப் புரிஞ்சு வெச்சிருக்குக்கா."

"அப்பறம் எப்படி நாப்பத்திரண்டு?"

எட்வின் ஒரு படத்தைப் பெரிதாக்கினான். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆப்பிள்கள் செக்கச்செவேலென்று அடுக்கியிருந்தன. ஆரஞ்சு, டப்பா. அடுக்கின விதம்கூட அழகாக இருந்தது.

"இதாலதான். இது இல்லன்னா முப்பத்தொண்ணு வந்திருக்கும். இந்த லைன்ல வேற எந்த வீட்டுலயும் இதைப் பாத்ததில்ல, அதனால இரவல்னு நினைக்க முடியாது. அப்ப இவங்களே வாங்கினதுதான். வெளிநாட்டுப் பழம், சத்து பானம் வாங்கித் திங்கற குடும்பம்னு முடிவு பண்ணிருச்சு."

"யாராவது குடுத்திருக்கலாம்ல? உடம்பு சரியில்லாதவரைப் பாக்க வந்தவங்க?"

"இருக்கலாம். ஆனா அது அதுக்குத் தெரியாதே. இத்தனை வருசத்துல எந்த அலுவலர் போனப்பவும் அந்த மாதிரி ஒண்ணைப் பாத்ததில்ல. அந்த லைனுக்குப் பழம் வாங்கிட்டுப் போற அளவுக்கு யாரு இருக்கா?" எட்வின் அவள் பக்கம் திரும்பினான். "யாரு குடுத்திருப்பாங்க, ஏதாச்சும் தெரியுமாக்கா?"

"தெரியல," என்றாள் கோகிலவாணி.

அரை மணி நேரத்துக்கு முன்னால் அலுவலக வாசலில் நின்று ஒருத்தியை வீம்புக்காரி என்று ஏசிய வாய் அது. எட்வின் இரண்டு நொடி அவளைப் பார்த்தான். அவன் ஊகித்துவிட்டான் என்றே அவளுக்குத் தோன்றியது. அவன் எதுவும் கேட்காமல், கணக்கில் பிழை இருந்தால் அலுவலர் நிரப்பும் திருத்தப் படிவத்தைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். அவன் கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

படிவத்தில் காரணம் எழுத இரண்டே கட்டங்கள். முதலாவது: குடும்பத்தார் தங்களுடையது அல்லாத பொருளைத் தங்களுடையது போலக் காட்டினர். இரண்டாவது: அலுவலரின் நடத்தைப் பிழை. முதலாவதைத் தொட்டால் பத்து நாளில் மறுபார்வை. இரண்டாவதைத் தொட்டால் அலுவலர் வேலைநீக்கம், விசாரணை, அது முடிய மூன்று மாதம், அதுவரை மெஷின் நான்கு மணி நேரம்தான்.

மூன்று மாதம் தினகரன் தாங்கமாட்டான். அதனால்தான் முதல் கட்டத்தைத் தொட்டேன் என்று பின்னால் அவள் தனக்குத்தானே பல தடவை சொல்லிக்கொண்டாள். அது பொய்யில்லை. அவள் வேலை போகாது என்பதும் பொய்யில்லை. இந்த இரண்டில் எது முதலில் மனசுக்குள் வந்தது என்று அவளுக்குத் தெரியும், அதை அவள் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ஆப்பிளையும் ஆரஞ்சையும் டப்பாவையும் 'குடும்பத்தார் இரவல் வாங்கி வைத்தவை' என்று எழுதி அனுப்பினாள்.

அலுவலர் ஒருவர் கைப்பட எழுதித் தருகிற காரணம் பொட்டுக்குப் பெரிய பாடம். அதுவரை இரவல் என்றால் அதற்கு வெறும் கழித்தல். இப்போது கோகிலவாணி அதற்கு இரவல் என்றால் ஏமாற்று என்று சொல்லிக்கொடுத்துவிட்டாள். நான்காம் நாள் லைனின் பன்னிரண்டு வீடுகளுக்கும் கடிதம் வந்தது. ஆய்வு நேரத்தில் பிறர் பொருளை வீட்டில் வைப்பது குற்றம், பிடிபட்டால் இரண்டு வருடம் எந்த உதவியும் கிடையாது.

ஏழாம் நாள் எட்வின் அவள் மேஜைக்கு வந்தான்.

"உங்க ரிப்போர்ட்டை மேல எடுத்துக்கிட்டாங்கக்கா. பாராட்டுக் கடிதம் வரும் போல."

"எதுக்கு?"

"இந்தத் தில்லுமுல்லை முதல்ல கண்டுபிடிச்சது நீங்கதானாம். பொட்டு எல்லா நாட்டுக்கும் ஒண்ணுதானே. நேத்துல இருந்து முப்பத்தோரு நாட்டுல அமல். கென்யாவுல ஆள் வந்தா பக்கத்து வீட்டுல பாய் வாங்கிப் போடுவாங்களாம். பெருவுல கோழி வாங்கி அடிப்பாங்களாம். வங்கதேசத்துல என்னவோ. எல்லாம் இப்ப ஏமாத்து வேலைன்னு கணக்காயிருச்சு."

"அது முன்னாடி சரியாத்தானே பாத்துச்சு?"

"பாத்துச்சு," என்றான் எட்வின். "நாமதான் மாத்திட்டோம்." 'நாம' என்று அவன் சொன்னது அவளிடம் காட்டிய மரியாதை. அவளுக்கு அது செருப்படியாக இருந்தது.

பத்தாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கோகிலவாணி மறுபடியும் அந்த லைனுக்குள் நுழைந்தாள். குழாயடியில் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள். பகையாளி வாசலில் வந்து நின்றாலும் 'வாங்க' என்று சொல்லிவிட்டுத்தான் சண்டையை ஆரம்பிக்கிற ஊர் அது. ஒருத்தியும் வாங்க என்று சொல்லவில்லை. பொட்டின் மேல் கண் வைத்தபடி குடங்களை இழுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். மூன்றாம் நம்பர் கதவைச் சாத்திக்கொண்டது.

எட்டாம் நம்பர் வீட்டில் தரை கூட்டாமல் கிடந்தது. அலமாரித் தட்டு காலி. தண்ணீர்ப் பானையைக்கூட எங்கோ ஒளித்து வைத்திருந்தார்கள். பூங்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், எழுந்திருக்கவில்லை. தினகரன் பாயில் சுருண்டு கிடந்தான். கோகிலவாணியைப் பார்த்ததும் பழக்கத்தில் ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தான். "உக்காருங்..." என்று ஆரம்பித்தான். பூங்கொடி சட்டென்று அவன் கையைப் பிடித்துக் கீழே அழுத்தினாள். அவன் புரிந்துகொண்டு வாயை மூடினான்.

ஒன்பது நிமிடமும் கோகிலவாணி நின்றுகொண்டே இருந்தாள். அவன் மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் மட்டும் கேட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பையே பார்த்தாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வர மறந்திருந்தாள், அவர்களும் சொல்லவில்லை.

நலக்குறி இருபத்தாறு என்று வந்தது.

அவள் பொட்டைக் கழற்றி, அணைத்து, பைக்குள் போட்டாள். பூங்கொடி அதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டாள்.

"ஆச்சுங்களா மேடம்?"

"ஆச்சுங்க்கா. சாயந்தரத்துல இருந்து பழையபடி பதினாறு மணி நேரம் ஓடும்."

பூங்கொடி எழுந்தாள். வந்து கோகிலவாணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னைய மன்னிச்சுருங்க மேடம். உக்கார எடமாச்சும் வேணுமேன்னுதான் அந்தச் சேர வாங்கிப் போட்டேன். அது இத்தனை பெரிய தப்புன்னு தெரியாமப் போச்சு. என்னால இந்த லைனுக்கே கெட்ட பேரு. உங்க வேலைக்கு ஏதாச்சும் ஆயிருமோன்னு படுத்துக்கெடக்கற இவிய வேற பத்து நாளாப் பொலம்பறாங்க. மூச்சே வரல, அதுல உங்களைப் பத்திப் பொலம்பல்."

பொட்டு பைக்குள் இருந்தது. கேட்க ஆள் இல்லை. இப்போது சொன்னால் வேலை போகாது, மெஷின் நிற்காது, நிதியத்துக்குத் தெரியாது. பூங்கொடிக்கு மட்டும்தான் தெரியும். அந்த ஒன்றைத்தான் கோகிலவாணியால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வாயைத் திறந்தாள்.

"பரவால்லீங்க்கா," என்றாள். "இனிமே பாத்து நடந்துக்குங்க."

"சரிங்க மேடம்," என்றாள் பூங்கொடி. அவள் முகத்தில் பாரம் இறங்கிவிட்டது. வாசல்வரை வந்து, குழாயடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள், "மேடம் ஒண்ணும் மனசுல வெச்சுக்கலையாமா."

குடத்தோடு நின்ற ஒரு பெண் முதல் தடவையாகக் கோகிலவாணியின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெம்ப நல்ல மனசுங்க உங்களுக்கு," என்றாள்.

கோகிலவாணி தலையை ஆட்டி அதையும் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.